பூனை வூட்டு வூட்டோட மாப்பிள்ளை

வா பேராண்டி, குந்து. உன் பூனைக்கு ஹெர்பிஸ்னு ரிப்போர்ட் வந்துடுச்சாமே. வந்த உடனே நீ பூனையப் பாக்கல, போனப் பாத்திருக்க. அந்தப் பேரப் போட்டுத் தேடியிருக்க. வந்த படத்துல ஒன்னு கூட பூனைப் படம் இல்ல. உன் வூட்டுக்காரி பின்னாடி நின்னு அத்தனையும் பாத்துட்டா. அன்னிக்கு ராத்திரி பூனை மெத்தைல, நீ மொட்ட மாடில. நல்ல ஏற்பாடுதான்டா. பக்கத்துலயே மீனம்பாக்கம், எறங்கற ப்ளேன எண்ணிக்கினே தூங்கிடலாம்.

இப்ப என்னான்டா வந்து, "அது எங்களுக்கு ஒட்டுமா தாத்தா?"ன்னு கேக்கற. ஒட்டாதுடா. உன்ன அது ஏறெடுத்தும் பாக்காது. உன் மாமியாரு கூட உன்ன அவ்ளோ ஒதுக்கினதில்ல. உனக்கும் ஒட்டாது, உன் புள்ளைக்கும் ஒட்டாது, எதுத்த வூட்டு நாய்க்கும் ஒட்டாது. மனுசனுக்கு வர்ற ஹெர்பிஸ் வேற, பூனைக்கு வர்றது வேற. உன் வூட்டுக்காரிகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா ஒரு ரெண்டு நாள் கழிச்சிதான் சொல்லுவேன். அவ கோவமா இருக்கறப்போ உன் பேச்சு கொஞ்சம் கொறைவா இருக்கு, ஊருக்கு நல்லது.

ஏன் ஒட்டாதுன்னு கேளு. கேக்க மாட்ட, தெரியும். "ஓகே தாத்தா"ன்னுட்டுப் போயிடுவ. நான் வுட மாட்டேன். வேப்பேரி கால்நடைக் கல்லூரில ஆய்வகத்துல குடுவை கழுவினவன் நான். 1903-ல சைதாப்பேட்டைல ஆரம்பிச்சு அப்புறம் வேப்பேரிக்குப் போன காலேஜ் அது. குடுவை கழுவறவன் காதுல எல்லாப் பாடமும் விழும், பரீட்ச மட்டும் கெடையாது. அதனாலதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, பரீட்ச எழுதினவனுங்க மறந்துட்டானுங்க.

இந்த வைரஸ மொத மொதல்ல புடிச்சது 1958-ல, அமெரிக்கால. கிராண்டெல், மௌரர்னு ரெண்டு பேரு, சளி புடிச்ச பூனைக் குட்டிங்ககிட்டேருந்து பிரிச்சு எடுத்தாங்க. அப்புறம் 1960-கள்ல ஒரு பூனையோட சிறுநீரகத்துலேருந்து உயிரணுவ எடுத்து, கண்ணாடிக் குடுவைல வளத்தாங்க. சி.ஆர்.எஃப்.கே.ன்னு பேரு, அதுல மொத எழுத்து கிராண்டெல் பேருதான். அந்தப் பூனை போய் எத்தினியோ காலம் ஆச்சு. அதோட உயிரணு இன்னும் உலகம் பூரா ஆய்வகத்துல பெருகிக்கினே இருக்குது. பூனைக்கு ஒம்போது உசுருன்னு வெள்ளக்காரன் சும்மா சொல்லல.

சரி, வைரஸ் எப்படி இருக்கும்? உள்ள ஒரு நீளமான மரபு நூல். கிட்டத்தட்ட 1,36,000 எழுத்து. 2010-ல மொத்தத்தையும் படிச்சு, அதுல 74 புரதத்துக்குக் குறிப்பு இருக்குன்னு போட்டாங்க. அத்த மூடி ஒரு கூடு. அதுக்கும் மேல ஒரு கொழுப்புப் போர்வை. அந்தப் போர்வை இருக்குதே, அது திருட்டுப் போர்வை. பூனையோட உயிரணுவுக்குள்ளேருந்து கெளம்பறப்போ அதோட சவ்வையே உருவி மேல போத்திக்கினு வருது. அந்தப் போர்வைல சொந்தமா ஒன்னு பண்ணும்: சர்க்கரை ஒட்டின புரதத்தக் குத்தி நட்டு வச்சிக்கும், அதான் மேலுறைப் புரதம். ஜிபி, ஜிசி, ஜிடி, ஜிஇ, ஜிஜி, ஜிஎச், ஜிஐ, ஜிஎல்னு பேரு. மொகத்த சுளிக்காத. ஜிஎஸ்டி ரோட்டோரம் பொறந்து வளந்தவன், உனக்கு ரெண்டு எழுத்து வாயில நுழையலன்னா சொல்லுவ?

இதெல்லாம் எதுக்குன்னா, உயிரணுவுக்குள்ள பூறதுக்கு. உனக்குக் கல்யாணம் பண்ணப்போ எத்தினி வூடு ஏறி எறங்கினோம், ஞாபகம் இருக்கா? அதே வேலதான். மொதல்ல போறது ஜிசி. அதான் தரகன். உயிரணுவோட வெளிப்பக்கம் ஹெப்பரான் சல்ஃபேட்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி தொங்கும். அத்த லேசாப் புடிச்சிக்கினு திண்ணைல குந்திக்கும். ஜிபியும் கூட ஒரு கை குடுக்கும். அந்தத் திண்ணை எல்லா வூட்டுலயும் உண்டு, மனுசனுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. தரகனுக்கு சாதி இன்னா, கமிஷன்தான்.

அடுத்து வருது பாரு ஜிடி, அதான் பெரிய மனுசன். துண்டு போட்டுக்கினு வந்து, "நீங்க எந்தப் பக்கம், குலதெய்வம் எது?"ன்னு ஆரம்பிப்பாரு. பதில் புடிக்கலன்னா காப்பி கூடக் குடிக்காம எழுந்துப்பாரு. அவருக்குத் தெரிஞ்ச ஒரே சாதி பூனை சாதி. ஆய்வகத்துல இத்தக் கண்ணால பாக்கலாம். இந்த வைரஸப் பூனை ரத்தத்துல கலந்தா, செவப்பணுவெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கினு தெரளும். மத்த பிராணி ரத்தத்துல வுட்டா ஒன்னுமே ஆவாது, சிவனேன்னு கெடக்கும். அப்படி ஒட்ட வைக்கிறது ஜிடிதான்னு 1990-கள்ல ஜப்பான்காரங்க கண்டுபுடிச்சாங்க. வைரஸ் பூனைய வுட்டு வேற எங்கயும் சம்பந்தம் பண்ணாம இருக்கறதுல இந்த ஜிடியோட கறாருக்குப் பெரிய பங்கு. நம்ம ஊரு சாதிச் சங்கத் தலைவருங்க எல்லாம் ஒரு நாளு குடுவைக்குள்ள எட்டிப் பாத்துட்டு வரணும். இவ்ளோ சுத்தமா அவுங்களாலயே கடைப்புடிக்க முடியாது.

ஜிடி தலைய ஆட்டிட்டா முடிஞ்சுது. ஜிஎச்சும் ஜிஎல்லும் ஜோடி சேந்து, ஜிபிய உசுப்பி வுடும். ஜிபி ரெண்டு சவ்வையும் இழுத்து ஒன்னாக் கலந்துடும். போர்வை வெளியே, சாமான் உள்ளே. தாலி ஏறிடுச்சு.

கத இதோட முடிஞ்சா பரவால்ல. உள்ள போனவன் லேசுப்பட்டவன் இல்ல. பூனை உடம்பு தகவல் தெரிஞ்சு ஆள அனுப்பும்ல, "வாங்கடா, திருடன் பூந்துட்டான்"னு? அந்தத் தகவல் ரத்தத்துல போற புரதம், கீமோகைன்னு பேரு. ஜிஜின்னு ஒன்னு இருக்குதே, அது வெளில வந்து அந்தத் தகவலையே வழில மடக்கிப் புடிச்சிக்கும். "அண்ணே, அப்புறம் போலாம், சாப்ட்டுப் போங்க." அந்த நேரத்துல ஜிஇயும் ஜிஐயும் சேந்துக்கினு, தெருவுக்கே வராம, பொறக்கடை செவுரு வழியா அடுத்த வூட்டுக்கு, அங்கேருந்து அடுத்த வூட்டுக்குன்னு வைரஸக் கடத்தும். தெருவுல எதிர்ப்புப் புரதம் லத்தியோட நிக்குது பாரு, அது நின்னுக்கினே இருக்கும். கண்ணு சவ்வு, மூக்கு, தொண்ட, எல்லா எடத்துலயும் உயிரணு செத்து உதிரும். அதான் உன் பூனை தும்மறது, கண்ணு பொங்கி ஒட்டிக்கறது. கருவிழில மரக்கெளை மாதிரி புண்ணு வரும். அந்தக் கெளையப் பாத்தா டாக்டரம்மாவுக்கு இது ஹெர்பிஸ்தான்னு பாதி உறுதி.

பெரிய பூனை பத்துப் பதினஞ்சு நாள்ல தேறிடும். குட்டிங்கதான் பாவம். மூக்கடைச்சா மோப்பம் போயிடும், மோப்பம் போனா சோறு எறங்காது. நீ இருவது நிமிஷம் போனப் பாத்துக்கினு சோறு மறக்கற ஆளு, உனக்குப் புரியாது. மீனக் கொஞ்சம் சூடு பண்ணி வாசன கெளப்பிக் குடு. மூக்க, கண்ண வெதுவெதுன்னு தண்ணில நனைச்ச துணியால தொடச்சு வுடு. குட்டி ஒரு நாளு முழுக்கத் திங்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கு, ஸ்டேட்டஸ் அப்புறம் போட்டுக்கலாம்.

"தேறிட்டா முடிஞ்சுதா?"ன்னு கேக்கற. மாப்பிள்ள வந்துட்டுத் திரும்பிப் போவான்னா நெனச்ச? இவன் வூட்டோட மாப்பிள்ள. மொகத்துக்கு உணர்ச்சி கொண்டு போற நரம்பு மூணு கெளையாப் பிரியற எடத்துல ஒரு முடிச்சு இருக்குது. தும்மி முடிச்ச வைரஸ் நரம்பு வழியா ஏறி அந்த முடிச்சுல போய்ப் படுத்துக்கும். மேலுறைப் புரதம் ஒன்னையும் செய்யாது. ஜிபியும் இல்ல, ஜிடியும் இல்ல. வெளிய காட்ட ஒரு அடையாளமும் இல்லாதவனப் போலீஸ் எப்படிப் புடிக்கும்? நோய் வந்த பூனைல பெரும்பாலானதுக்கு இவன் சாவற வரைக்கும் உள்ளதான். உன் பூனைக்கும்தான்.

எப்ப எழுந்திருப்பான்? வூட்டுல ரகளை ஆனா எழுந்திருப்பான். பூனைக்கு மனசு ஒடஞ்சா, எடம் மாறினா, குட்டி போட்டுப் பால் குடுத்தா, ஸ்டீராய்டு மருந்து உள்ள போனா. ரகளைக்கு மறுநாளே இல்ல, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு. அதான் உனக்குக் கணக்கு புரிபடல. நீ என்னென்ன பண்ணியிருக்கன்னு பாப்போமா? பம்மல்ல இருந்த தனி வூட்ட காலி பண்ணிட்டு, ஜிஎஸ்டி ரோட்டோரம் ஒம்போதாவது மாடிக்குப் போன. மேல ப்ளேன், கீழ லாரி, பின்னாடி எலெக்ட்ரிக் ட்ரெயின். கிரகப்பிரவேசம்னு மாட்ட லிஃப்ட்டுல ஏத்தின. மாடே பயந்துச்சு. பூனைய பாத்ரூம்ல போட்டுப் பூட்டின. நாதஸ்வரம் வேற. அடுத்த வாரம் மச்சான் புள்ளைங்க லீவுக்கு வந்துதுங்க, பூனை வால நீளம் அளந்துதுங்க. இத்தனையும் பண்ணிட்டு, "திடீர்னு தும்முது தாத்தா"ன்ற. திடீர்னாடா?

இந்தத் தூங்கற வித்த பூனைக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சிடாத. நம்ம சின்னம்மை இருக்குதே, அந்த வைரஸும் இதுவும் பங்காளி, ரெண்டும் ஒரே பேரினம். சின்ன வயசுல ஆத்தா வந்தா, வேப்பெல கட்டி, பாயப் போட்டுப் படுக்க வச்சு, மூணாந் தண்ணி ஊத்தி வழியனுப்பினோம். வழியனுப்பினதா நெனச்சோம். அவ முதுகுத் தண்டு ஓரம் நரம்பு முடிச்சுல போய்க் குந்திக்கினா. வயசாகி உடம்பு தளந்தா அதே நரம்பு வழியா எறங்கி வருவா. அதான் அக்கி. நம்ம ஊருல கொயவர் வூட்டுக்குப் போயி காவியால அக்கி எழுதிக்குவாங்க. எழுதினா எரிச்சல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும், நரம்புக்குள்ள இருக்கறவன் படிக்கவா போறான்? மாட்டுக்கு மூச்சுக்கொழாய் நோயும் கன்னு வீசறதும் கொண்டாற ஐபிஆர் வைரஸு இதே குடும்பம். பன்னிக்கு அவுஜெஸ்கின்னு ஒன்னு, அதுவும் இதே. பொலிகாளைக்கு உறைவிந்து எடுக்கற எடத்துல ஐபிஆர் சோதன பண்றது இதனாலதான். நம்ம பல்லாவரத்துல 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் துரை ஒரு கல்லுக் கோடாலியப் பொறுக்கினாரு, பழைய கற்கால மனுசன் செதுக்கினதுன்னு ஊரே கொண்டாடுது. அந்த மனுசன் கோடாலி செதுக்கறதுக்கு எத்தினியோ காலம் முன்னாடியே இந்தக் குடும்பம் நரம்புல வாடகை இல்லாம குடியிருக்குது.

பன்னி விஷயத்துல ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணாங்க, அத்தயும் கேட்டுக்க. வைரஸ்லேருந்து ஜிஇ-ய மட்டும் உருவிட்டு, மீதிய ஊசியாப் போட்டாங்க. பொறக்கடை செவுரு ஏறத் தெரியாத சொங்கி வைரஸ், நோய் கொண்டாறாது, ஆனா உடம்பு பாடம் படிச்சுக்கும். அதுக்கப்புறம் பன்னி ரத்தத்துல ஜிஇ-க்கு எதிர்ப்பு இருக்குதான்னு பாத்தாங்க. இருந்தா நெஜ நோய் வந்தது, இல்லன்னா ஊசி மட்டும் போட்டது. இப்படிச் சலிச்சுச் சலிச்சே ஐரோப்பால பல நாடு அந்த நோய ஒழிச்சுக் கட்டிச்சு. பூனை வைரஸ்லயும் ஜிஇ-ய உருவிப் பாத்திருக்காங்க, அதுவும் சொங்கி ஆவுது. மனுசனுக்கு நேர்மாறாப் பண்ணாங்க. அம்மை வைரஸோட ஜிஇ-ய மட்டும் தனியாச் செஞ்சு, அத்தயே ஊசியா ஆக்கிட்டாங்க. உள்ள வைரஸே கெடையாது, மேலுறைப் புரதம் ஒன்னுதான். ஷிங்ரிக்ஸ்னு பேரு. 2017-ல அமெரிக்கால அனுமதி, 2023-ல நம்ம நாட்டுக்கும் வந்துடுச்சு. அம்பது தாண்டினவங்களுக்கு. இத்த ஒரு ஓரமா ஞாபகம் வச்சிக்க, அப்புறம் வர்றேன்.

"ஜிடி இவ்ளோ கறார்னா, பூனைக்கும் மனுசனுக்கும் சம்பந்தமே கெடையாதா?"ன்னா, அப்படியும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வைரஸுக்கு ஒவ்வொரு பெரிய மனுசன். கொரோனாவுக்கு ஸ்பைக் புரதம். அது புடிக்கற ஏசிஇ2-ங்கற கைப்பிடி மனுசனுக்கும் பூனைக்கும் ஏறக்குறைய ஒரே அச்சு. அது குலங்கோத்திரம் பாக்காத ஆளு. நம்ம வண்டலூரு ஜூல என்னா ஆச்சு? 2021 ஜூன் 3, சாயந்திரம், நீலான்னு ஒம்போது வயசுப் பொண்ணு சிங்கம் செத்துப் போச்சு. முந்தின நாளுதான் மூக்குல சளி ஒழுகிச்சாம். போபால்ல இருக்கற ஆய்வகத்துக்குப் பதினொரு சிங்கத்தோட மாதிரி போயிருந்துச்சு, ஒம்போதுக்கு கொரோனா. ஜூன் 16-ந் தேதி பன்னெண்டு வயசு ஆண் சிங்கமும் போச்சு. நாலு சிங்கத்தோட மாதிரியப் படிச்சுப் பாத்தா, டெல்டா. தாம்பரத்துல மனுசனுக்கு ஆக்சிஜன் படுக்க தேடி அலைஞ்ச அதே டெல்டா. எப்படி உள்ள போச்சுன்னு ஊருல ஆளுக்கொரு கத சொன்னாங்க. நீ உன் பூனைகிட்டேருந்து உனக்கு வருமான்னு கேக்கற. அந்த வருஷம் சிங்கம் கேட்டிருக்கணும் இந்தக் கேள்விய.

பூனை ஹெர்பிஸு சிங்கத்துக்கும் போவும், சிவிங்கிப்புலிக்கும் போவும். கூண்டுல வளர்ற சிவிங்கிப்புலிக்கு மொகத்துல தோலு புண்ணாவே வரும். ஜிடிக்கு அவுங்கல்லாம் பெரிய எடத்துச் சொந்தக்காரங்க.

இப்ப வைத்தியத்துக்கு வருவோம். நீ வாங்கி வச்சிருக்கற சாமானெல்லாம் உன் ஆத்தா எனக்குக் காட்டினா. லைசின் பவுடர் ரெண்டு டப்பா. வாங்கு, தாராளமா வாங்கு, அத்த விக்கறவனுக்கும் புள்ளக்குட்டி இருக்கும். வைரஸுக்கு அர்ஜினின் வேணும், லைசின் போட்டா அர்ஜினின் கொறையும்னு ஒரு கணக்கு. 2015-ல ஒரு ஆய்வு, அதுவரைக்கும் வந்த சோதனையெல்லாம் ஒன்னாக் கூட்டிப் பாத்துட்டு, பூனைக்கு இது பிரயோஜனம் இல்ல, நிறுத்துங்கன்னு எழுதிச்சு. அர்ஜினின் இல்லாம பூனையால உசுரோட இருக்க முடியாதுங்கறது தனிக்கத. உனக்கு அந்தப் பவுடர எதுல போடலாம்னு தெரியலன்னா ரசத்துல போடு, நீ சாப்ட்டாலாவது உதட்டுப் புண்ணு வராதுன்னு ஆறுதல்.

தண்ணில ஊத்தினா பாலாட்டம் வெளுத்துப் போற கிருமிநாசினி, அஞ்சு லிட்டரு. அத்த வச்சு வூடு பூரா தொடச்சியாம். வைரஸ் சாவும்டா, பூனையும் கூடப் போவும். அந்த மாதிரி மருந்த ஒடச்சு வெளிய தள்ற வேல பூனையோட ஈரலுக்குத் தெரியாது. தரைல ஒட்டினத காலுல நக்கும், உள்ள போயிடும். உன் வைரஸோட திருட்டுப் போர்வை வெறும் கொழுப்பு. சோப்புத் தண்ணி பட்டா கரைஞ்சிடும். வெளிய கெடந்தா ஒரு நாளு கூடத் தாங்காது. மேலே போர்வ இல்லன்னா ஜிடியும் இல்ல, ஜிபியும் இல்ல, ஒன்னும் பூர முடியாது. சட்டி, தட்டு, மணல் டப்பா, உன் கை, எல்லாத்துக்கும் துணி தொவைக்கற சோப்பு போதும். ஆனா இவ்ளோ மலிவா இருக்கறத்த நீ நம்ப மாட்ட. வேணும்னா ஒரு லேபிள் ஒட்டித் தர்றேன்.

காய்ச்சலுக்கு நம்ம வூட்டு டப்பால இருக்கற பாராசிட்டமால் அரை மாத்திரை குடுக்கலாமான்னு உன் வூட்டுக்காரி கேட்டாளாம். இந்த எடத்துல நான் சிரிக்க மாட்டேன். அரை மாத்திரை, கால் மாத்திரை எதுவும் கூடாது, பூனை செத்துடும். மருந்துக் கடைல கேட்டு வாங்கின ஸ்டீராய்டு கண்ணு சொட்டையும் தூரப் போடு. விழில புண்ணு இருக்கறப்போ அத்த வுட்டா புண்ணு ஆழமாவும், தூங்கறவனும் எழுந்துப்பான். மனுசனுக்குத் தர்ற அசைக்ளோவிர் மாத்திரையும் பூனைக்கு ஆவாது, எலும்பு மஜ்ஜையக் கெடுக்கும். பூனைக்குத் தாங்கறது ஃபாம்சைக்ளோவிர், அத்தயும் டாக்டரம்மா எடை போட்டுச் சொல்லணும். உன் அப்பனுக்கு வாங்கின சீட்டுல மீதி இருக்குதுன்னு நீயா டாக்டர் ஆவாத.

ஊசி போட்டியான்னா, "போன வருஷம் ட்ரைகேட் போட்டேனே, அப்புறம் எப்படி வந்துச்சு, ஏமாத்திட்டாங்க"ன்ற. ஒருத்தரும் ஏமாத்தல. அது வைரஸ உள்ள வர வுடாத ஊசி இல்ல, வந்தவன அடக்கி வைக்கற ஊசி. ஹெர்பிஸு, கலிசி, கொடலையே அழிக்கற பேன்லூக்கோபீனியா, மூணுக்கும் சேத்து ஒன்னு. குட்டிக்கு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒன்னாப் பதினாறு வாரம் வரைக்கும் போடணும். நீ ஒன்னு போட்டுட்டு, கேக் வெட்டிட்டு வந்துட்ட. இன்னொன்னு: அதுல இருக்கறது பலவீனமாக்கின உசுருள்ள வைரஸ். போடறப்போ ஒரு சொட்டு ரோமத்துல சிந்தினா தொடச்சிடு. நக்கினாலோ மோந்தாலோ அதுவே தும்மல் கொண்டாரும்.

அடுத்த வெள்ளிக்கிழம பல்லாவரம் சந்தைக்குப் போயி, "தனியா இருக்குதே, துணைக்கு இன்னொன்னு வாங்கலாம்"னு ஒரு யோசன இருக்குதாமே. போ. இருநூறு வருஷச் சந்தை, பழைய டிரங்க் ரோட்டுல நடந்துக்கினே போனா ஒடஞ்ச ரேடியோவும் கெடைக்கும், குட்டியும் கெடைக்கும். வாங்கினா ரெண்டு வாரம் தனி அறைல வை, தனித் தட்டு வை. புதுசு வந்த ரகளைல பழசுக்கு மாப்பிள்ள எழுந்திருப்பான், பழசு தும்மினா புதுசுக்குத் தாலி ஏறும். அப்புறம் ரெண்டு பூனை, ரெண்டு மாப்பிள்ள. உன் வூட்டுல உனக்குத்தான் எடம் இல்ல.

அது கெடக்கட்டும். பூனைக்கு அடுத்த ஊசி என்னிக்குன்னு போன்ல மணி அடிக்கற மாதிரி வச்சிருக்க, பாத்தேன். அதுக்குக் கீழயே இன்னொன்னு போட்டுக்க. ஓரமா ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த ஜிஇ ஊசி. ரெண்டு தடவ. ரெண்டாவது, ரெண்டு மாசத்துலேருந்து ஆறு மாசத்துக்குள்ள. பேரு எடத்துல தாத்தான்னு எழுது. வெலய மட்டும் நீயே கேட்டு, நீயே கட்டிடு, என்கிட்ட சொல்லாத. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்குது.